கணக்கில் வராத விரல்

யாருமே அழுத்துவதில்லை என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரில் விழுந்திருந்த படத்தைப் பார்த்துத் தானே தலையாட்டிக்கொண்டான். தில்லைநாயகிக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மனிதர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவதே அநாகரிகம் என்று அவள் நினைப்பவள். அதற்குப் பொதிகை என்று பெயர் வைத்த அறை வேறு. ஜன்னலே இல்லாத அறைக்கு மலையின் பெயர். குளிரூட்டி யாருடைய டப்பாவிலிருந்தோ கிளம்பிய எலுமிச்சை ஊறுகாய் வாசனையை எடுத்து எல்லோர் தலையிலும் பாரபட்சமில்லாமல் தூவிக்கொண்டிருந்தது. சுவரில் நீலப் பட்டைகள் வரிசையாக நின்றன, உயரமானது, குட்டையானது, அதைவிடக் குட்டையானது, கடைசியில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு அடியில் அவள் எழுதிய பக்கத்தின் பெயர் இருந்தது. விசைப்பலகை ஷார்ட்கட்டுகள். மற்ற பக்கங்களை அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் கெடுத்தார்கள். இது மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவளுடையது. “பூஜ்யம்ங்க,” என்றான் பிரணவ். கோயம்புத்தூர்க்காரன். எதைச் சொன்னாலும் ஒரு ‘ங்க’ போட்டுச் சொல்வான், கழுத்தை அறுப்பதானாலும் அறுக்கறேனுங்க என்றுதான் அறுப்பான். “மூணு மாசத்துல ஒருத்தர் கூட இல்லீங்க. டேட்டா தெளிவா சொல்லுதுங்க. பக்கத்தையும் தூக்கிட்டு, அந்தக் கீ எல்லாம் வேலை செய்யறதையும் நிறுத்திரலாங்களா?” டேட்டா சொல்கிறதாம். இவர்களுக்கு மட்டும் எப்போதும் ஏதாவது ஒன்று வந்து காதில் சொல்லிவிட்டுப் போகிறது.

கிடங்குகளுக்கு மென்பொருள் விற்கிற கம்பெனி. எந்தப் பெட்டி எந்த அடுக்கில், எந்த லாரி எப்போது, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் உதவித் தளத்தை எழுதிக் காப்பது இந்த அறையில் இருக்கும் நான்கு பேர் வேலை. நீளநீளமான பக்கங்கள், ஆற்று மணல் போல அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கங்கள். அதற்குள் மவுஸைத் தொடாமலே நடக்க ஒரு வழி இருந்தது. ஜே தட்டினால் அடுத்த தலைப்பு. கே தட்டினால் முந்தைய தலைப்பு. ஸ்லாஷ் தட்டினால் தேடும் பெட்டி திறக்கும். கேள்விக்குறியைத் தட்டினால் இந்தத் தட்டல்களின் பட்டியலே வந்து நிற்கும். எவ்வளவு அழகான காரியம், வழி தெரியாதவன் ஒரு கேள்விக்குறியைப் போட்டால் வழி வந்து நிற்பது. உலகத்தில் வேறு எங்கே அப்படி நடக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என்ன வந்து நின்றது. சரி, அது இருக்கட்டும். அவள் பட்டைகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள், படித்ததும் உதட்டின் ஓரம் தானாக வளைந்தது. கிளிக்குகளின் எண்ணிக்கை என்று போட்டிருந்தது. மவுஸ் கிளிக்கை எண்ணியிருக்கிறார்கள். மவுஸைத் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள மவுஸின் கிளிக்கை எண்ணியிருக்கிறார்கள். கதவைத் தட்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, சாவி வைத்திருக்கிறவர்கள் யாருமே இந்த வீட்டில் இல்லை என்று முடிவுகட்டுகிற புத்தி. கண்ணாடிக் கோப்பை மாதிரி மினுங்குகிற புத்தி. இதற்கு ஒரு படம், அதற்கு நீலத்தில் ஆறு சாயல்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் சரிந்துவிடும். அவள் சொல்லவில்லை. தொண்டைவரை வந்த வாக்கியத்தை நாக்கின் கீழே வெற்றிலைக் காம்பு போல ஒதுக்கிவைத்துக்கொண்டாள். இவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கல்லூரியில் ஆங்கிலக் கவிதை சொல்லிக்கொடுத்தவள், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பமாட்டாள், தூங்கட்டும், கவிதை அவனுக்கு இல்லை என்று விட்டுவிடுவாள். எதிரே ஜெபராஜ், தளத்துக்கு நிரல் எழுதுகிறவன், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, “பழைய கோடு சார் அது. எவன் எழுதினான்னே தெரியாது. தூக்கிட்டா நிம்மதி,” என்றான். எவன் எழுதினான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்காக எழுதப்பட்டது. இப்போது கனடாவில் இருக்கும் ஒரு பையனிடம், வாசிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்குமே என்று பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொல்லி எழுதிவாங்கியது. அப்போதுதான் கை ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் பானு, இருப்பதிலேயே இளையவள், தலையில் மைலாப்பூர் மல்லிகைப் பந்தல் அளவுக்கு ஒரு கிளிப், குறிப்பெடுப்பதுபோல எதையோ வரைந்துகொண்டிருந்தாள். முன்னால் டீ ஆறிக்கொண்டிருந்தது. கூட்டம் தொடங்கும்போது பானுதான் எல்லோருக்கும் மிஷினிலிருந்து பிடித்துவந்து வைத்தாள். பிரணவுக்கு நிறைய, ஜெபராஜுக்கு நிறைய, தனக்கு நிறைய. தில்லைநாயகிக்கு மட்டும் பாதிக் கோப்பை. ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை, எப்போதும் இப்படித்தான். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு வடிந்ததைக் கிழவிக்கு வைக்கிற வழக்கம். இந்தத் தலைமுறைக்கு ஒரு கோப்பையை நிரப்பக்கூடத் தெரியாது, தெரிந்தாலும் யாருக்கு நிரப்புவது என்று கணக்கு இருக்கும்.

வலது கை மேஜைக்கு அடியில் மடியில் கிடந்தது. இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள், மதியத் தூக்கத்தில் இருக்கும் பூனை மாதிரி அவ்வளவு சாதுவாகக் கிடந்தது. சும்மா இருக்கும்வரை அது நல்ல கை. எதையாவது எடுக்கப் போனால்தான், ஒரு குறியை நோக்கிப் போனால்தான், போகப்போக ஆட ஆரம்பிக்கும், கிட்டே போகப்போக அதிகமாக ஆடும், தொடும் நேரத்தில் கையே அவளுடையதாக இருக்காது. அடையாறு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, நடுவில் ஆரம்பிச்சு ஒரு சுழி போடுங்கம்மா என்றார். நத்தை ஓட்டுக்குள்ளிருந்து வருகிற வழி மாதிரி, உள்ளிருந்து வெளியே. அவள் போட்டாள். வந்தது சுழி இல்லை, ரம்பத்தின் பல்லை வளைத்துவைத்தது போல ஒன்று. அவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார், டாக்டர்களின் அந்தப் புன்னகைக்குத் தனியாக ஒரு நரகம் இருக்க வேண்டும். “பயப்படற வியாதி இல்லைம்மா. உசிருக்கு ஒண்ணும் பண்ணாது. மாத்திரை கொஞ்சம் கேக்கும், ஆனா முழுசா போகாது. உங்க வீட்ல யாருக்காவது இருந்துதா?” இருந்தது. அப்பாவுக்கு இருந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், அதற்கும் லேசாகத் தொடங்கியிருந்தது, போதாததற்கு மவுஸை இடப்பக்கம் வைத்த அன்றே, என்ன மேடம் புதுசா என்று யாரோ கேட்டார்கள், உடனே திருப்பி வைத்துவிட்டாள். விசைகள்தான் காப்பாற்றின. மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டால் விரலுக்கு ஆட்டம் இல்லை. விசை ஓடாது, நகராது, இருந்த இடத்தில் கிணறு மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருக்கும், விரல் விழுந்தால் போதும். மவுஸின் அம்பு அப்படி இல்லை, அதைத் துரத்த வேண்டும், மெல்லிய கோட்டின்மேல் நிறுத்த வேண்டும், நிறுத்தி அமுக்க வேண்டும். நாளெல்லாம் இந்தத் தளத்தின் பக்கங்களைச் சரிபார்ப்பவள் அவள். அந்தக் கீகளை நிறுத்தினால் ஒரே வாரத்தில் பக்கத்து நாற்காலிக்குத் தெரியும், அடுத்த வாரம் மாடிமுழுக்கத் தெரியும். அப்புறம் என்ன, யாரும் போகச் சொல்லமாட்டார்கள். நாகரிகமானவர்கள். ரெஸ்ட் எடுங்க மேடம் என்பார்கள். ஓய்வுக்குக் காத்திருப்பதைவிட இப்போதே நல்ல தொகையாக வாங்கிக்கலாமே என்பார்கள். ஒரு சால்வை, க்ரீமில் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு கேக், அதை வெட்டக் கையில் ஒரு கத்தி. கத்தியைக் கொடுப்பார்கள். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கத்தி கேக்குக்குமேல் எப்படி ஆடும் என்பதை அவள் இப்போதே பார்த்தாள், ஊறுகாய் வாசனைக்கு நடுவே, துல்லியமாக.

அப்பா மாயவரம் நகராட்சி ஆபீஸில் குமாஸ்தா. எழுதும்போது ஆடாது, அல்லது ஆடுவது கையெழுத்தாகிவிட்டது, அவர் எழுத்து அலையடிக்கும். டம்ளரைத் தூக்கும்போதுதான். அம்மா அவருக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவாள். குடித்ததும் இன்னொரு அரை டம்ளர். அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் ஒரு பேச்சு நடந்ததில்லை, காப்பிக்கு அளவு அதுதான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் உபசாரமாக விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். டம்ளர் உயர்ந்தது, ஆடியது, காப்பி சம்பந்தியின் பட்டு வேட்டியில் கொட்டியது. “என்ன மச்சான், பொண்ணு வீட்டுக்காரருக்குப் பொழுது விடியும்போதே சாயங்காலமாயிடுதா?” என்று ஒருத்தர் கேட்டார். பந்தலே சிரித்தது. குடித்தே அறியாத அப்பாவும் சிரித்தார். அதுதான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் மன்னிக்கவில்லை, கேட்டவரைக்கூட மறந்துவிட்டாள், மீசைதான் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அப்பா ஏன் சிரித்தார். பாவாடை சட்டையில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவளுக்கு அன்றைக்கு வாயில் ஊறியது ஒரு கசப்பு, அது இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், துணைவேந்தர்களை, மேனேஜர்களை, கணவனின் அண்ணன்களை. அது நல்ல கண்ணாடி. எல்லோரும் கொஞ்சம் சிறியதாகத் தெரிவார்கள்.

“மேடம், என்னங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க?” பிரணவ்தான். “நீங்கதானுங்களே எழுதினது. வருத்தமிருந்தா சொல்லிருங்க.” வருத்தம். செத்த வீட்டில் கேட்கிற மாதிரி கேட்கிறான். “யார் யூஸ் பண்றாங்கன்னு உங்களுக்கு ஏதும் தெரியுங்களா?” ஒருமுறை தூத்துக்குடிக் கிடங்கிலிருந்து ஒருவர் போனில் கத்தினார், “ஒரு கையில போனு, ஒரு கையில பொட்டி, நான் மவுச எங்கன புடிக்க மேடம்? மூக்காலயா?” என்று, அவருக்கு அவள் ஜே, கே இரண்டையும் சொல்லிக்கொடுத்தாள், அவர் பெட்டியை இறக்காமலே சுண்டுவிரலால் தட்டிக்கொண்டு, அட போகுதே, போகுதே என்று சிரித்தார். அதைச் சொல்லலாம். சொன்னால், அது ஒருத்தருங்க மேடம் என்பான். வேறு யாருங்க என்பான். வேறு யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அது மடியில் கிடந்தது. “தெரியலை,” என்றாள். சொன்னதும் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது, பழகிய அருவருப்புதான், பழைய செருப்பு மாதிரி. பந்தலில் சிரித்தவரின் மகள்தானே.

“சரிங்க. தூக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா எல்லாருக்கும் காட்டிருங்க மேடம். என்ன போகுதுன்னாச்சும் தெரியட்டும்,” என்று அவன் சுவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பித் தள்ளினான். அவள் மணிக்கட்டுகளை விளிம்பில் ஊன்றினாள். முதலில் ஒரு ஸ்லாஷ். தேடும் பெட்டி கண்ணைத் திறந்தது. நாலெழுத்து, ஒரு என்டர், சரக்குத் திரும்பிவந்தால் என்ன செய்வது என்ற பக்கம் விரிந்தது, அந்தத் தளத்திலேயே நீளமான, வறண்ட, ஆளில்லாத பக்கம். ஜே. ஜே. ஜே. தலைப்புகள் ரயில் ஜன்னலில் ஸ்டேஷன்கள் போல வந்து வந்து நின்றன, அவள் எந்த ஸ்டேஷனில் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று அறிந்தவள், ஒரு கே, பின்னால் ஒன்று, மறுபடி ஜே, சந்தம் போல, குறில் குறில் நெடில், குறில் குறில் நெடில், கைகள் எதையும் தேடவில்லை, எதையும் துரத்தவில்லை. கவிதை எழுதுவதை நிறுத்திய பிறகு இந்த ஒரு வேலையில்தான் அது வந்துபோகிறது என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான விஷயமா. “மேடம், எங்க போறீங்க, கண்ணு சுத்துது!” என்றான் ஜெபராஜ். பானு சிரித்தாள். பிரணவும் சிரித்துவிட்டு, “பாத்தீங்களாங்க, இதான் பிரச்சினை, ஒருத்தருக்கும் புரியறதில்லை,” என்றான். “இதே இடத்துக்கு மவுஸ்ல போய்க் காட்டிருங்க மேடம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கலாம்.”

மவுஸ் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நீங்களே போய்க் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கண் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், இந்த வயதுக்கு எது வலித்தாலும் நம்புவார்கள். இத்தனை வருடங்களில் அப்படி எத்தனை சொல்லியிருக்கிறாள், கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் பேனாவை மறந்துவிட்டேன், பிரசாதம் கொடுத்தால் அங்கேயே வையுங்கள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது வேறு ஒன்று. இவன் ஏன் இவ்வளவு நிச்சயமாக இருக்கிறான். ஒரு மனிதனை இவ்வளவு நிச்சயமாக இருக்க விடலாமா. மடியிலிருந்து கை எழுந்தது. போகும்போதே ஆட ஆரம்பித்தது. மவுஸைப் பிடித்தாள். சுவரில், ஆளுயரத்துக்கு விரிந்த அந்த வெளிச்சத்தில், வெள்ளை அம்பு உயிர் வந்ததுபோல நடுங்கியது. ஓரப் பட்டியலில் ஒரு சின்ன முக்கோணம், அதை அமுக்கினால்தான் உள்பட்டியல் திறக்கும். அம்பு அதைத் தாண்டிப் போனது, திரும்பிவந்தது, மறுபக்கம் தாண்டியது. கதவு தெரியாமல் அறைக்குள் அகப்பட்ட தட்டான் மாதிரி. அமுக்கினாள், வேறெதுவோ திறந்தது. மூடினாள், அதுவும் தவறிப்போனது. டாக்டர் வாங்கிக்கொண்ட சுழியைச் சுவர்முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அவள் கையை எடுக்கவில்லை. பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். பயம் இருந்த இடத்தில் பயம் இருந்ததுதான், ஆனால் அதற்குமேல் ஒரு குரூரமான நிதானம் வந்து உட்கார்ந்திருந்தது.

“ஏசி ஜாஸ்திங்களா மேடம்?” என்றான் பிரணவ். குரலில் அவசரம். “ஜெபா, குறைச்சிரு.” ஜெபராஜ் பாதி எழுந்தான். எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை விரித்துப் பிடிக்கிறார்கள், விழுகிறவளைத் தாங்க.

“ஏசி இல்லை,” என்றாள் தில்லைநாயகி. “கை. உட்காருங்க ஜெபராஜ்.”

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பிரணவ் தொண்டையைச் செருமினான். “மேடம், எங்களுக்குத் தெரியாதுங்க. அந்தப் பக்கத்தை விட்டுரலாங்க. உங்களுக்காக இருந்துட்டுப் போகட்டுங்க.” உங்களுக்காக. இதுதான் கடைசியில். வாதம் தோற்றுக் கை ஜெயித்திருக்கிறது. நாக்கின் கீழே ஒதுக்கிவைத்திருந்த வாக்கியத்தை அவள் அப்போதுதான் துப்பினாள். “எனக்காக ஒரு மண்ணும் வேண்டாம். நீங்க எண்ணினது மவுஸ் கிளிக்கை, பிரணவ். கீ தட்டுறவங்க எதுக்குக் கிளிக் பண்ணப் போறாங்க? இப்ப நான் அத்தனை தலைப்புக்குப் போனேனே, உங்க கணக்குல அது எங்க இருக்கு? கையைப் பாத்து வைக்காதீங்க. கணக்கைச் சரியாப் போட்டுட்டு வைங்க, இல்லை தூக்குங்க.” அவன் முன்னால் அச்சடித்து வைத்திருந்த தாளில் அதே நீலப் பட்டைப் படத்தைப் பார்த்தான். பொடி எழுத்தைப் படித்தான். புரிந்த மாதிரி தெரியவில்லை. ஜெபராஜ்தான் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்து, “சார், மேடம் சொல்றது சரிதான். கீ அழுத்துறதை நாம எண்ணவே இல்லை. எண்ணுறதுக்குக் கோடே கிடையாது,” என்றான். “ஓ,” என்றான் பிரணவ். ஜெபராஜ் சொன்ன பிறகுதான் அந்த ஓ வந்தது, அதையும் அவள் கவனித்துக்கொண்டாள். பிறகு தாளில் நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலில் அந்த வரியைப் பேனாவால் அடித்தான். முதலில் எண்ணிப் பாத்துரலாங்க, அப்புறம் பேசிக்கலாங்க, பத்து நிமிஷம் பிரேக்குங்க என்று மூன்று ‘ங்க’ சேர்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனான். காதுமடல் சிவந்திருந்தது. அவளுக்கு அது கொஞ்சம் இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் இனிப்பு நிற்கவில்லை. இனி இவர்கள் கதவைத் திறந்து பிடிப்பார்கள். லிஃப்டில் பித்தானை அமுக்கிக் கொடுப்பார்கள். தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தச் சிறுமைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெறுக்க இன்னும் எவ்வளவு தெம்பு வேண்டும். பந்தலில் அப்பாவுக்கு இந்தத் தெம்புதான் தீர்ந்துபோயிருக்குமோ.

ஆறிப்போன கோப்பையை பானு எடுத்துக்கொண்டு போனாள். புதிதாக ஒன்று கொண்டுவந்து வைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை, எல்லோருக்கும் ஊற்றி வடிந்த மிச்சம் என்று சொல்ல எல்லோரும் இல்லை. மிஷினில் டீ நிறைய இருக்கும். கோப்பையில் பாதிதான் இருந்தது. தில்லைநாயகி அந்தப் பாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீயின் மட்டத்துக்குமேல் வெறும் வெள்ளை, யாரோ யோசித்து விட்டுவைத்த இடம் போல. மாயவரத்து அடுக்களையில் அதே இடம் பித்தளையில் இருந்தது.

“பானு.”

“மேம்?”

“இது ஏன் பாதி?”

பானு முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தாள். “சூடா இருக்கும்னு, மேம்.”

“எப்பலேர்ந்து?”

கிளிப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “போன மழைக்காலத்துலேர்ந்து. ஒருநாள் உங்க கீபோர்டுல டீ கொட்டியிருந்துச்சு மேம். நீங்க சீட்ல இல்லை. நான்தான் துடைச்சு வச்சேன். உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு. நீங்க பாக்குற பார்வையே ஒரு மாதிரியா இருக்கும்ல.”

துப்புரவுக்கு வருகிறவர்கள் துடைத்தார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நினைக்கக்கூட இல்லை, துடைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அப்படியானால் தெரியும். அவ்வளவு நாளும் தெரியும். மேஜைக்கு அடியில் அவள் அடைகாத்துக்கொண்டிருந்ததை இந்தப் பெண், தலையில் இத்தனை பெரிய கிளிப்போடு, அன்றாடம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம்தான் முதலில் வந்தது. பிறகு கோபத்துக்குப் பின்னால் வர வேண்டிய ஏளனத்தைத் தேடினாள், அது வழக்கமாகப் போய் உட்காரும் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கச் சொல்லத் தெரியவில்லை. நன்றி சொல்லலாம். அம்மாவுக்கு அப்பா சொன்னாரா. சொல்லாமலே எத்தனை அரை டம்ளர்கள். சொல்லாமல் இருந்ததால்தான் அன்றைக்குப் பந்தலில் விளிம்புவரை வந்தபோது அவருக்கு வாயில் ஒரு சொல் இல்லாமல் போனதோ, சிரிப்பு ஒன்றுதான் கையிருப்பில் இருந்ததோ.

“கொண்டுபோய் நிறைச்சுக் கொண்டா,” என்றாள்.

“சிந்துமே மேம்.”

“சிந்தட்டும். இனிமே எனக்கு முழுசாத்தான் வைக்கணும். கேட்டுதா?”

பானு போய்வந்தாள். விளிம்புவரை இருந்தது, அவள் நடந்த நடையிலேயே இரண்டு சொட்டுத் தளும்பியிருந்தது. அதற்குள் பிரணவும் ஜெபராஜும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுவரில் அந்த வெள்ளை அம்பு விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தில்லைநாயகி மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள், பானுவைக் கொஞ்சம் கூடுதலாக. பிறகு வலது கையால், ஒரு கையால் மட்டும், கோப்பையைத் தூக்கினாள். அது ஆடியது. டீ கோப்பைக்குள் சுழன்று, விளிம்பில் ஏறி, விரல்களில் வழிந்து, மேஜைமேல் ஓடி, பிரணவின் மடிக்கணினிப் பக்கமாகப் போனது. அவன் பதறி அதைத் தூக்கிக்கொண்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. பாதி சிந்திவிட்டது. மீதியைக் குடித்தாள். சூடாகத்தான் இருந்தது.